நிலம் என்றொரு சொல்

நெல் வயல்களைக் காக்க 2008இல் கேரளம் கறாரான ஒரு சட்டம் போட்டது. வயலின் தலைவிதி இப்போது மண்ணில் இல்லை, பஞ்சாயத்து அலுவலகத்துப் பட்டியலில் இருக்கிறது.

ஓண விடுமுறை நெருங்கினால் கேரளத்தில் இரண்டு தரப்பார் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். ஒரு தரப்பு டிப்பர் லாரிக்காரர்கள். மறு தரப்பு, அவர்களைப் பிடிக்க மாவட்டங்களில் வருவாய்த் துறை அமைக்கும் சிறப்புப் படைகள். அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் நாலைந்து நாட்கள் போதும். குன்றை வெட்டிக் கொண்டுவந்த செம்மண்ணை இரவோடு இரவாகக் கொட்டி ஒரு வயலை மேடாக்கிவிடலாம். விடுமுறை முடிந்து கிராம அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே வாழைக் கன்றுகள் வரிசையாக நட்டிருக்கும். இது எந்தக் காலத்திலும் வயலாக இருந்ததில்லை என்று சொந்தக்காரர் சாதிப்பார். அப்புறம் அது மண் பிரச்சினை அல்ல, காகிதப் பிரச்சினை.

தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும்தான். கேரள வருவாய்த் துறையின் அடிப்படை வரிப் பதிவேட்டிலோ 'நிலம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்: நெல் விளையும் தாழ்வான வயல். வீடும் தென்னையும் நிற்கிற மேட்டுப் பகுதி 'புரயிடம்'. பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் வீடு கட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம், வங்கிகள் கடன் தரத் தயங்கும், வாங்க வருகிறவர் பேரத்தைக் கீழே இருந்து தொடங்குவார். அதே சர்வே எண்ணுக்கு எதிரே 'புரயிடம்' என்று எழுதிவிட்டால் விலை எங்கோ போய்விடும். இந்தச் சொல் மாற்றத்துக்கு மலையாளிகள் வைத்திருக்கும் பெயர் 'தரம் மாற்றல்'. தரம் என்ற நல்ல சொல் இவ்வளவு சங்கடமான வேலைக்குப் பயன்படுவது வேறெங்கும் இருக்காது.

1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2007-08இல் அது சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். முப்பதே ஆண்டுகளில் நாலில் மூன்று பங்கு காணாமல் போயிற்று. மாநிலம் சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருவது இதனால்தான்.

இதற்கு வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரர்களை உரிமையாளர்கள் ஆக்கியது. நியாயமான சீர்திருத்தம், ஆனால் துண்டு துண்டான வயல்களில் நெல் கட்டுப்படியாகவில்லை. கூலி உயர்ந்தது, வளைகுடாப் பணம் வந்தது, கையில் காசு வந்தவர்கள் முதலில் கட்டியது வீடு. தென்னை, ரப்பர், வாழை என்று பயிர் மாறிய வயல்கள் அப்புறம் மனைகளாயின. ஓட்டுத் தொழிற்சாலைகளும் செங்கல் சூளைகளும் களிமண்ணுக்காக வயலையே தோண்டின. குன்றின் மண்ணை வயலில் கொட்டுவதால் ஒரே லாரி நடையில் இரண்டு இடம் கெட்டது.

தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1967இலேயே கேரள நிலப் பயன்பாட்டு ஆணை இருந்தது. உணவுப் பயிர் விளையும் நிலத்தை மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்றது அது. ஆனால் அந்த ஆணை பிறந்தது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் மடியில். அரிசிப் பஞ்ச காலத்தின் குழந்தை. அதன் கவலை அரிசி, மண்ணல்ல. அரிசி ரயிலில் வந்து இறங்கத் தொடங்கியதும் ஆணையின் அவசரமும் போய்விட்டது.

1997இல் விஷயம் தெருவுக்கு வந்தது. கேரள மாநில விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் குட்டநாடு பகுதியில் வயல்களுக்குள் இறங்கி, நெல்லுக்குப் பதிலாக நட்டிருந்த பயிர்களை வெட்டிச் சாய்த்தார்கள். 'வெட்டிநிரத்தல்' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின் முகம் சி.பி.எம். தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன். வேலை இழந்த கூலித் தொழிலாளிகளின் கோபம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அடுத்தவன் பயிரை அழிப்பது அராஜகம் என்றார்கள் மற்றவர்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அரிவாள் முறை தப்புத்தான். ஆனால் வெட்டியவர்கள் எழுப்பிய கேள்வி சாகவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே அச்சுதானந்தன் முதல்வராக இருந்தபோது நெல்வயல், ஈர நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 2008 ஆகஸ்ட் 12. இன்றும் கேரளத்தில் வயல் வழக்குகள் எல்லாம் இந்தத் தேதியைச் சுற்றியே நடக்கின்றன. அன்றைக்கு அது வயலா, இல்லையா?

சட்டத்தைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்களுக்கு வயல் தெரிந்திருந்தது புலப்படும். ஆண்டுக்கு ஒரு போகமாவது நெல் விளையும் இடம் மட்டுமல்ல, நெல்லுக்கு ஏற்றதாக இருந்தும் தரிசாகப் போட்டிருக்கும் இடமும் நெல்வயல்தான் என்கிறது அது. வரப்பு, வடிகால், குளம், வாய்க்கால் எல்லாம் வயலைச் சேர்ந்தவை. தரிசு போட்டுவிட்டு 'இங்கே விவசாயமே நடப்பதில்லை' என்று கை விரிப்பவர்களுக்கு வைத்த ஆப்பு இது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம். வேறு இடம் இல்லாதவர் சொந்த வீடு கட்ட பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் என்று ஒரு வழியும் விட்டிருந்தது.

காவல்காரர்களாக நியமிக்கப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அதிகாரி, கிராம அதிகாரி, விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவர்: இதுதான் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. இந்தக் குழு தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு வயலையும் சர்வே எண்ணோடு பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலுக்குச் சாதாரண ஜனங்கள் வரை எல்லோரும் சொல்லும் பெயர் 'டேட்டா பாங்க்'. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் ஆரம்பித்ததும் இங்கேதான். ஜனநாயகத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் பட்டியலில் ஒரு வயலைச் சேர்த்தால் அதன் சொந்தக்காரருக்கு லட்சக்கணக்கில் நஷ்டம்; விட்டுவிட்டால் லாபம். அந்தச் சொந்தக்காரர் பஞ்சாயத்துத் தலைவரின் வாக்காளர், சில சமயம் உறவினர். வேளாண் அதிகாரியோ மாற்றலாகிப் போகிறவர். பட்டியல் தயாராக ஆண்டுகள் பிடித்தன. வந்த பட்டியல்களிலும் ஏராளமான குளறுபடி. வீடு கட்டிப் பல ஆண்டுகளான மனை வயலாகப் பதிவாகியிருந்தது; பச்சைப் பசேலென்று கிடந்த வயல் விடுபட்டிருந்தது. இரண்டு தவறும் கெடுதல்தான். முதல் தவறு ஐந்து சென்ட் ஏழையை வருவாய் அலுவலகப் படியேற வைத்தது. இரண்டாவது தவறு யாரையும் அலையவிடவில்லை. அதனால் அதைப் பற்றிப் புகார் சொல்லவும் ஆள் குறைவு.

ஐந்து சென்ட் ஏழையின் கஷ்டம் நிஜமானது. தகப்பனோ பாட்டனோ என்றைக்கோ மேடாக்கிய இடம், தென்னை காய்த்து ஓய்ந்துவிட்டது, ஆனால் பதிவேட்டில் இன்னும் 'நிலம்'. மகளுக்கு வீடு கட்ட அனுமதி கேட்டால் கிடைக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு நிவாரணம் வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நிவாரணத்தின் நிழலில் யார் யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதுதான் சண்டை.

2015இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு, 2008க்கு முன் மேடாக்கிய வயல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. அடுத்து வந்த இடது முன்னணி அரசு அதை நீக்கியது. கைதட்டல் ஓய்வதற்குள் 2018இல் அதே அரசு கொண்டுவந்த திருத்தம், டேட்டா பாங்கில் சேராத, ஆனால் பதிவேட்டில் 'நிலம்' என்றிருக்கிற இடங்களுக்குக் கட்டணத்தோடு தரம் மாற்ற வழி திறந்தது. பொதுக் காரியம் என்று அரசு சொல்லும் திட்டங்களில் உள்ளூர்க் குழுவின் பிடியும் தளர்ந்தது. பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி என்று இடத்துக்கேற்ப வேறுபட்டிருந்த கட்டணம் 2021இல் எல்லா இடத்துக்கும் ஒன்றாயிற்று: ஒரு ஏக்கர் வரை வழிகாட்டி மதிப்பில் 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 25 சென்ட் வரை கட்டணமே இல்லை என்ற சலுகையும் அதே ஆண்டில் வந்தது. பெரிய வயலை 25 சென்ட் துண்டுகளாக வெட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக 2017 டிசம்பர் 30 என்று ஒரு தேதி குறித்தார்கள். அன்றைக்குப் பத்திரத்தில் இருந்த அளவுதான் கணக்கு.

விளைவு, வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. தற்காலிக ஊழியர்களை நியமித்தார்கள். தனி அதாலத்துகள் நடத்தினார்கள். 2024இல் துணை ஆட்சியர்களுக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். டேட்டா பாங்கிலிருந்து பெயரை நீக்க ஐந்தாம் எண் படிவம், தரம் மாற்ற ஆறாம் எண் படிவம். கேரளத்தில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக மனப்பாடமான படிவங்கள் இவைதான் போலிருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் இந்த வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. தரிசாகக் கிடக்கிறது, மழைக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை வயல் என்று சொல்லிவிட முடியாது. 2008இல் அது நெல்லுக்கு ஏற்றதாக இருந்ததா என்று அதிகாரி நேரில் பார்த்தோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தோ முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. சட்டப்படி சரியான நிலைதான். ஆனால் தண்ணீர் நிற்கும் தரிசு என்பது பல இடங்களில் கைவிடப்பட்ட வயலின் இன்னொரு பெயர்.

கட்டணமாக வந்த பணத்தின் கதை சுவாரசியமானது. அது வேளாண் மேம்பாட்டு நிதிக்குப் போக வேண்டும். போகவில்லை, அரசின் பொதுக் கணக்கில் தங்கிவிட்டது. வழக்குப் போட்டார்கள். வசூலான 1,510 கோடி ரூபாயை அந்த நிதிக்குத் தவணைகளில் மாற்றுமாறு 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வயலைக் காக்கப் பிறந்த சட்டம், வயல் மாறுவதால் கஜானாவை நிரப்பும் சட்டமாகவும் ஆகிவிட்டிருந்ததை அந்தத் தொகை சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு அரசு தரும் 'ராயல்டி' 2020இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று தொடங்கியது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 800 ரூபாய். கேரளத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம்கூட ஏறக்குறைய அதுதான்.

சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்வதும் தவறு. கோட்டயம் மாவட்டம் குமரகத்தை ஒட்டிய மெத்ரான் காயல் 378 ஏக்கர். பெரும்பகுதியைச் சுற்றுலாத் திட்டத்துக்காக வாங்கிப் போட்டார்கள். விற்க மறுத்த சில விவசாயிகளால் தண்ணீர் இறைத்துத் தனியாகப் பயிர் செய்ய முடியவில்லை. காயல் நிலத்தில் எல்லோரும் சேர்ந்தால்தான் பம்பு ஓடும். இப்படி எட்டு ஆண்டுகள் தரிசு. 2016 தேர்தலுக்குச் சற்று முன் திட்டத்துக்கு அனுமதி வந்தது. கூச்சல் எழுந்ததும் வாபஸ் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் புதிய வேளாண் அமைச்சர் வி.எஸ். சுனில்குமார் முன்னின்று விதைக்க, 2017இல் அறுவடை நடந்தது. அரசு நினைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. நினைக்க எட்டு ஆண்டு ஆயிற்று என்பதற்கும் சாட்சி.

ஆறன்முளை கதை வேறு மாதிரி. பத்தனம்திட்டை மாவட்டத்தின் இந்தக் கோயில் ஊரில் தனியார் விமான நிலையத்துக்காக வயலும் ஓடையும் மேடாக்கப்பட்டன. கவிஞர் சுகதகுமாரி முதல் எல்லாக் கட்சியினரும் களத்தில் இறங்கிய போராட்டம் அது. சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2014 மே மாதம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அதை உறுதி செய்தது. தீர்ப்பின் முக்கியக் காரணங்கள்: தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு விமான நிலையங்களை மதிப்பிடும் தகுதி இல்லை, மக்கள் கருத்துக் கேட்பு சரியாக நடக்கவில்லை. ஆக, வயல் தப்பியது அது வயல் என்பதற்காக அல்ல. காகிதம் சரியாக இருந்திருந்தால்?

மேடாக்கிய வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆட்சியருக்கு 2008 சட்டம் அதிகாரம் தருகிறது. அதிகாரம் உண்டு, மண்ணுக்குத்தான் அது புரிவதில்லை. நெல் வயலின் மண் இயற்கை மட்டும் கொடுத்ததல்ல. தண்ணீர் கட்டி, சேறாக உழுது, மிதித்து, தலைமுறைகள் சேர்ந்து செய்தது. மேலே குழைந்த சேறு; கலப்பை எட்டாத ஆழத்தில் தண்ணீரை எளிதில் இறங்கவிடாமல் இறுகிய ஒரு தட்டு. அதன்மேல் செம்மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால், அப்புறம் பொக்லைன் கொண்டுவந்து சுரண்டும்போது செம்மண்ணோடு சேறும் சேர்ந்தே வரும். எதை எடுப்பது, எதை விடுவது என்று எந்த ஆணையும் சொல்லித்தர முடியாது. மேற்கு வங்கம் சிங்கூரில் கார் தொழிற்சாலைக்காக எடுத்த 997 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் திரும்பி வந்தது. உருளைக்கிழங்கும் நெல்லும் விளைந்த வண்டல் மண்ணுக்குள் கான்கிரீட்டும் கொட்டி நிரப்பிய மண்ணும் இருந்தன. எல்லா இடத்திலும் பழையபடி ஏர் பிடிக்க முடியவில்லை.

வயல் நெல்லை மட்டும் தருவதில்லை என்பதைக் கேரளம் மறக்க முடியாத ஆண்டு 2018. ஒரு ஹெக்டேர் வயலில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். குன்றிலிருந்து ஓடிவரும் மழையை நிறுத்தி, மெல்ல விட்டு, பக்கத்துக் கிணறுகளுக்கும் கொடுக்கிற ஏற்பாடு அது. அந்த ஜூன் மாதம் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை மழைக்கு வயல் போனதை மட்டும் காரணம் சொல்வது நியாயமல்ல. ஆனால் தண்ணீர் முதலில் தேடிப் போனது தான் முன்பு தங்கிய இடங்களைத்தான்.

அதே 2018இல் கண்ணூர் மாவட்டம் தளிப்பரம்பு அருகே கீழாற்றூரில் 'வயல்கிளிகள்' என்ற பெயரில் ஊர்க்காரர்கள் திரண்டார்கள். தேசிய நெடுஞ்சாலையின் புறவழிச் சாலை தங்கள் வயலை இரண்டாகப் பிளக்கக் கூடாது என்பது கோரிக்கை. கட்சிக்காரர்களே தங்கள் கட்சியின் ஆட்சியை எதிர்த்து நின்றது கேரள அரசியலில் பெரிய பேச்சாயிற்று. இங்கே மாநிலச் சட்டமும் உதவவில்லை, மத்தியச் சட்டமும் உதவவில்லை. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. எடுத்தால் அதே அளவு தரிசைத் திருத்த வேண்டும், அல்லது நிலத்தின் மதிப்புக்கு ஈடான தொகையைக் கட்ட வேண்டும் என்கிறது. அதே பிரிவு, ரயில் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின் தடம் போன்ற நீள்வாக்கில் போகும் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது. வயலை நிரப்பாமல் உயரத் தூக்கிய சாலையாகப் போட முடியுமா என்று மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டுப் பார்த்தது. அது நடக்கவில்லை. சாலை வயல் வழியாகவே போயிற்று.

2025 மே 19 அன்று அதே நெடுஞ்சாலையில், மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், வயலுக்குக் குறுக்கே உயரமாக மண் நிரப்பிக் கட்டிக்கொண்டிருந்த சாலை இடிந்து சரிந்தது. கீழே தண்ணீரில் ஊறிய வயல் மண், மேலே ஏற்றிய மண் சுவரின் பாரத்தைத் தாங்கவில்லை என்பதே காரணம் என்றது நெடுஞ்சாலை ஆணையம். ஒப்பந்த நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள், நிபுணர் குழு வந்து பார்த்தது. நொறுங்கிய இடத்தில் மறுபடியும் மண் நிரப்பப் போவதில்லை. தூண்கள்மேல் பாலமாகவே கட்டுவது என்று முடிவாயிற்று.